பெட்டியில் கிடக்கும் துணி



பெருநாளுக்குப் பெருநாள் துணி எடுக்கிறோம். தைக்காத துண்டுகளும், அளவுக்கு வெட்டி வைத்த காகிதங்களும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. என்றாவது உதவும் என்கிறோம். அதற்கு முன் மௌத்து வந்துவிட்டால்?

2004 டிசம்பர் 26-ல் கடலூர்க் கரையைச் சுனாமி தாக்கியபோது, சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு மதம் பாராமல் உணவளித்தார்கள். அதே நாட்களில் வெளியூர்களிலிருந்து வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றித் தெருவோரம் குவிந்தன. உடைமை போனவர்களுக்கும் மானம் உண்டு என்பதை அனுப்பியவர்கள் எண்ணவில்லை.

நாமே முகம் சுளித்து வாங்கும் மட்டமானதைத் தர்மத்துக்கு ஒதுக்கக் கூடாதென அல்லாஹ் தஆலா திருமறையில் (2:267) தடுக்கிறான். பிரியமானதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாதென்றும் (3:92) அறிவிக்கிறான். இதைச் செவியுற்ற அபூதல்ஹா (ரலி) அவர்கள், தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தையே கொடுத்தார்கள். நம்மிடம் இருப்பதோ இரண்டு கெஜம் துணி! தயக்கம் ஏன்?

ஆகவே, வரும் ஜும்ஆவுக்குள் பீரோவைத் திறப்போம். பூச்சி அரிக்காத நல்ல துணியாகப் பார்த்து மடித்து, அளவுக் காகிதங்களுடன், தைத்துப் பிழைக்கும் விதவைக்கோ தையல் பழகும் ஏழைக் குமருக்கோ பிறர் அறியாமல் கொடுப்போம். இயன்றவர் நூலுக்கும் காசு சேர்க்கலாம்.

அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.