வேற யாரு செஞ்சிருப்பாங்க?

சரவணம்பட்டி பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை மடித்துவைத்த கடைக்கார அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அட, புருஷன்தானுங் தம்பி. ஊட்டுக்குள்ள ரெண்டே பேரு. பொண்டாட்டி செத்துட்டா. வேற யாரு செஞ்சிருப்பாங்க?" நானும் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு வரிச் செய்தி.

அன்றிரவு சர்தா வழக்கின் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். 1982 ஜூன், புனே. திருமணமாகி நான்கே மாதமான பெண் சயனைடால் இறந்தாள். சகோதரிக்கும் தோழிக்கும் தன் துயரத்தைக் கடிதங்களில் எழுதியிருந்தாள். விசாரணை நீதிமன்றம் கணவனுக்கு மரண தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வரதராஜன். அவளே விஷம் அருந்தியிருக்கலாம் என்ற சாத்தியத்தை அரசுத் தரப்பால் விலக்க முடியவில்லை. சூழ்நிலைச் சாட்சியம் மட்டுமே இருந்தால், வேறெந்த விளக்கத்துக்கும் இடமில்லாதபடி சங்கிலி முழுமையாக வேண்டும் என்றது தீர்ப்பு.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் கடைசியாக கோடை மாற்றியவனைத்தான் முதலில் பிடிப்போம். ஒருமுறை அப்படி ஒரு ஜூனியரைக் கைகாட்டினேன். உண்மையில் டிஸ்க் நிரம்பியிருந்தது. மன்னிப்பு கேட்டேன், முடிந்தது. தூக்குத் தண்டனையில் அது முடியாது.

சரி, நாலு சுவருக்குள் கொல்லப்படுபவளுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 109, ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததை அவரே விளக்க வேண்டும் என்கிறது. 2006இல் தீர்ப்பான திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில், மனைவியைப் பாம்பு கடித்ததாகச் சொல்லப்பட்டது. உடற்கூறாய்வோ கழுத்து நெரிக்கப்பட்டதைக் காட்டியது. கணவனின் தண்டனை உறுதியானது.

இரண்டும் முரண் இல்லை. அங்கே கொலை என்பது முதலில் நிரூபணமானது. பொய் விளக்கம் அதன்பின் சேர்ந்த கண்ணி. சர்தா வழக்கில் நடந்தது கொலைதானா என்பதே உறுதியாகவில்லை. 'வேற யாரு?' என்பது இரண்டாவது கேள்வி. நாம் அதை முதலில் கேட்டுவிடுகிறோம்.

ஆனாலும் அந்த விடுதலை என்னை நிம்மதியாக விடவில்லை. கொலை நிரூபணமாகவில்லை என்பதால் கடிதங்களில் இருந்த துயரம் பொய்யாகிவிடாது. மனைவிக்குக் கணவனோ அவன் குடும்பமோ இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498ஏ வந்ததே 1983 இறுதியில்தான்.

மறுநாள் அண்ணனிடம், "மொதல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியணுமில்லீங்ணா?" என்றேன்.

"அப்ப செத்த புள்ளைக்கு யாரு தம்பி பதில் சொல்றது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கைக்குக் கிடைத்தவனைத் தூக்கில் போடுவது அவளுக்கான பதில் ஆகாது என்பது மட்டும் தெரியும்.