அமைதி யாருக்கு?

இயற்கையை நாடு, ஒரு கமராவைக் கையில் எடு, குடும்பத்தோடு இரு, மன அமைதி தானே வந்து சேரும் என்று இன்று பலரும் அறிவுரை கூறுகின்றனர். இந்த அறிவுரையை ஏளனத்தோடு ஒதுக்கித் தள்ளுவது நம்மவர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஓய்வுள்ளவனின் பேச்சு என்றும், போராட்டத்திலிருந்து நழுவுவோர் தேடும் புகலிடம் என்றும் ஒரே வரியில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். இத்தீர்ப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், ஞாயிறு மாலையில் கல்கிசைப் புகையிரத நிலையத்தில் இறங்கி மணலில் கால்வைக்கும் மக்களைப் பார்த்த எவரும் இதனை முழுமையாக ஒப்புக்கொள்ளார். அங்கு வருவோர் செல்வர் மட்டுமல்லர். கடைச் சிப்பந்திகள் வருகின்றனர். ஆடைத் தொழிற்சாலையில் ஆறு நாள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்கள் வருகின்றனர். அலையில் கால் நனைத்து அவர்கள் நிற்கும் அரைமணி நேரத்தை எந்தத் தத்துவத்தின் பேராலும் பறிக்க நமக்கு உரிமை கிடையாது.

கடலைக் காணும் ஓய்வுகூடப் போராடிப் பெற்ற ஒன்றேயாகும். 1936 இல் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்ற நாட்களில், இலட்சக்கணக்கான தொழிலாளர் தங்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். அதனால் அவர்கள் பெற்றவற்றுள் ஆண்டுதோறும் இரு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் ஒன்று. அக்கோடையில்தான் பல தொழிலாளக் குடும்பங்கள் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. இரண்டாண்டு கழித்து, 1938 இல், ஹென்றி கார்ட்டியே-ப்ரெசோன் ஒரு படம் எடுத்தார். ஆற்றங்கரைப் புல்லில் சிலர் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்து உண்டுகொண்டிருக்கின்றனர்; ஒருவர் மதுவை ஊற்றுகிறார்; எதிரே நீரில் ஒரு படகு. வேறொன்றுமில்லை. இயற்கை, நிழற்படம், சுற்றம் என்ற மூன்றும் அந்த ஒரு சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. ஆனால் அந்த முதுகுகளில் தெரியும் நிம்மதிக்கு அடியில் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது என்பதை அறிந்தவனுக்கே அப்படம் முழுமையாகப் புலப்படும்.

ஆகவே, அமைதி நல்லதா தீயதா என்று கேட்பது வீண். அது எதன்மேல் நிற்கிறது, யாருடைய உழைப்பால் நிலைபெறுகிறது என்றே கேட்கவேண்டும்.

நமது கரைக்கு வருவோம். கல்கிசையிலிருந்து வடக்கே தெகிவளையைக் கடந்தால் வெள்ளவத்தை. 1929 இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் பணியாற்றிய பாப்லோ நெரூடா, வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். அன்று அவர் உலகப் புகழ் பெற்ற கவிஞரல்லர், இடதுசாரியுமல்லர், தனிமையால் வருந்திய ஓர் இளைஞர். கடலும், அவர் வளர்த்த கீரிப்பிள்ளையும், நூல்களும் அவருக்குத் துணை. பியானோக் கலைஞரும் வழக்கறிஞருமான லயனல் வென்ட் அவருக்கு நண்பரானார். வென்ட் பின்னர் இந்நாட்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞராக வளர்ந்தவர். ஓவியர்களை ஒன்றுசேர்த்து 1943 இல் '43 குழு' தோன்ற முன்னின்றவர். மறு ஆண்டே மறைந்தவர். கடல், கலை, நட்பு என்று அமைதிக்கு வேண்டிய அனைத்தும் அவ்வீட்டில் இருந்தன எனலாம்.

அவ்வீட்டின் மலகூடத்து வாளியோ நாள்தோறும் எவருமறியாமல் தூய்மையாகிவிடும். எப்படி என்று வியந்த கவிஞர், ஒருநாள் விடியலில் அதைக் கண்டுகொண்டார். தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண் வந்து மலத்தைச் சுமந்து செல்வாள். பின்னொரு காலையில் அவள் கையைப் பற்றி அறைக்குள் இழுத்து, அவளுடைய இசைவின்றி அவர் புணர்ந்தார். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை, கண்களை மூடவுமில்லை. இவற்றையெல்லாம் நெரூடாவே எழுதியுள்ளார். அவர் 1973 இல் இறந்தபின் 1974 இல் வெளிவந்த நினைவு நூலில் இது உள்ளது. அவள் தம்மை இகழ்ந்தது நியாயமே என்றும், அது மீண்டும் நிகழவில்லை என்றும் கூறி, அந்நூல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது. அவளுடைய பெயர் அதில் இல்லை.

நெரூடாவின் கவிதைகளைக் கொடிபோல் ஏந்தியவர்கள் நாம். அவற்றை எரித்துவிட வேண்டும் என்று யான் கூறவரவில்லை. ஸ்பெயின் மக்களுக்காகவும் சுரங்கத் தொழிலாளருக்காகவும் பின்னாளில் எழுந்த அக்குரல் பொய்யன்று. எனினும், அதனைச் சொல்லி இதனை மூடிவிடும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. அதை ஒரு நேர்மையென்று கருத என்னால் இயலவில்லை. அந்த வீட்டின் அமைதி, விடியுமுன் வந்து போகும் ஒருத்தியைக் காணாதிருந்ததால் நிலைபெற்ற அமைதி. கண்டபோதும் அவளை மனுஷியாகக் காணவில்லை.

நிழற்படத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. கமராவின் சட்டம் எதைக் காட்டுகிறதோ, அதைவிடப் பன்மடங்கை வெளியே நிறுத்துகிறது. 1933 இல் அதே வெள்ளவத்தையில், நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர், கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். இத்தீவின் இடதுசாரி இயக்கம் கருக்கொண்ட நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. கடலை நோக்கி நின்று படமெடுப்பவனுக்கு ஆலை முதுகுப்புறம் இருக்கும். திரும்பிப் பார்ப்பது கழுத்துக்குப் பெரிய சிரமமன்று. ஆயினும் பலரும் திரும்புவதில்லை. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது மட்டும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கலந்து கரையெங்கும் ஒதுங்கி, எந்தச் சட்டத்துக்குள்ளும் தாமாக நுழைந்துவிட்டன. மீனவர் தொழிலிழந்து நின்றனர். அப்போதுதான் அக்கடல், பார்ப்பவனுக்குக் காட்சியாகவும் வலை வீசுபவனுக்குச் சோறாகவும் இருப்பது பலருக்கு நினைவுக்கு வந்தது.

குடும்பத்தின் அமைதி என்கிறோம். ஞாயிறன்று கூடியிருந்து உண்பதில் கிடைக்கும் நிம்மதியை யார் சமைக்கின்றனர்? அன்று தாய்க்கும் ஞாயிறுதானா? தாயின் கை ஓயவேண்டுமென்று, மலையகத்திலிருந்து பள்ளிப் பருவத்துச் சிறுமிகளை வேலைக்குக் கொண்டுவந்து வைத்த கொழும்பு வீடுகளும் உண்டு. அவற்றுள் தமிழ் வீடுகளும் இருந்தன. அக்குடும்பங்களின் படங்களில் அச்சிறுமி நிற்பதில்லை. சில வேளை ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும்.

ஆனால் குடும்பப் படத்தை இகழவும் என் மனம் இடந்தரவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசைப் பகுதிகளில் தமிழர் வீடுகள் எரிந்தன. உயிர் தப்பியோர் இரத்மலானை விமான நிலையத்திலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கினர். பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். கட்டில், பீரோ, நகை ஆகியவற்றை மறுபடியும் தேடிக்கொண்டவர் உண்டு. அல்பத்தை எவரும் மறுபடி தேடிக்கொள்ளவில்லை. பாட்டனின் முகம் எப்படியிருந்தது என்று பேரனுக்குக் காட்ட ஒரு தாளும் இல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. முகங்களைச் சேர்த்து வைக்கும் அச்சிறு செயலில் எத்தகைய மானம் இருந்தது என்பதை எரித்தவர்களே நன்கு அறிந்திருந்தனர் போலும்.

நிழற்படம் அமைதி தரும் என்போர், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பாக அமர்ந்த தாய்மாரையும் நினைக்கவேண்டும். அவர்கள் கையில் இருந்தவையும் குடும்பப் படங்களே. பாடசாலைச் சீருடையில் எடுத்தது. திருமண வீட்டில் பலரோடு நின்றதிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கியது. அடையாள அட்டைக்காக எடுத்தது. மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையிட்டு மார்போடு அணைத்திருந்தனர். மரணச் சான்றிதழும் இழப்பீடும் பெற்றுக்கொண்டு அமைதியடையுமாறு அவர்களுக்குக் கூறப்பட்டது. எங்கே என்ற கேள்விக்கு விடையின்றி அதை ஏற்கமாட்டோம் என்று மறுத்தனர். படத்திலுள்ள மகனுக்கு வயது ஏறவில்லை, ஏந்தியவருக்கு ஏறியது. விடை காணாமலே இறந்த தாய் தந்தையர் பலர். அவர்கள் விட்டுச்சென்ற படங்களை இப்போது சகோதரிகள் ஏந்துகின்றனர்.