ஆர்தர் ரௌலியின் 434 கோல்கள்

இங்கிலாந்துக் கால்பந்து லீக் ஆட்டங்களில் மிக அதிக கோல் அடித்தவர் ஆர்தர் ரௌலி (1926–2002): 619 ஆட்டங்களில் 434. கனத்த உடல், இடது காலில் பீரங்கி அடி. 1961இல் டிக்ஸி டீனின் 379 கோல் சாதனையைக் கடந்தார். ஆனால் பெரும்பாலான கோல்கள் கீழ்ப் பிரிவுகளில் வந்தவை. 1958–59 பருவத்தில் ஷ்ரூஸ்பரி டவுனுக்காக நான்காம் பிரிவில் மட்டும் 38. தேசிய முதல் அணியில் ஒருமுறைகூட ஆடவில்லை. அண்ணன் ஜாக் ஆறு முறை ஆடினார்.

எளிய எதிரணிக்கு எதிரே அடித்த கோலின் மதிப்பு குறைவா? தத்துவ அறிஞர் மெக்கின்டயர் 1981இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் வர்ச்சூ’ நூலில், ஒரு கலைக்குள்ளேயே கிடைக்கும் நன்மைகளையும் புகழ், பணம் போன்ற புறநன்மைகளையும் பிரிக்கிறார். அதன்படி தேசிய அணி வாய்ப்பு நழுவியது புற இழப்பு மட்டுமே. இந்த ஆறுதலை முழுதாக ஏற்க முடியாது. எதிராளியின் வலிமை ஆட்டத்தின் உள் அளவுகோல். அதைப் புகழோடு சேர்த்துத் தள்ளிவிட இயலாது. ரௌலியின் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு: லெஸ்டர் சிட்டியோடு முதல் பிரிவில் ஆடிய 1954–55, 1957–58 பருவங்களிலும் அவர் கோல் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.