ஆளுநரின் கையெழுத்து

1838 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபையைச் சேர்ந்த மோர்மன்களைப் பகைவர்களாகக் கருதிப் பூண்டோடு அழிக்க வேண்டும், இல்லையேல் மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்றது அது. மூன்று நாள் கழித்து 200க்கும் மேற்பட்ட ஆயுதக்காரர்கள் ஹான்ஸ் மில் என்ற மோர்மன் குடியிருப்பைச் சூழ்ந்தனர். ஆண்கள் கொல்லன் பட்டறைக்குள் ஓடினார்கள். சுவர்க் கட்டைகளின் இடுக்குகள் வழியே குண்டுகள் பாய்ந்தன. துருத்திக்கு அடியில் பதுங்கியிருந்த பத்து வயதுச் சிறுவனைக் கண்டுபிடித்துத் தலையில் சுட்டார்கள். 17 பேர் மாண்டார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

மிசௌரிக்காரர்களின் மனக்குறைகள் எல்லாமே கற்பனை அல்ல. மோர்மன்கள் கூட்டமாக வந்து நிலம் வாங்கினார்கள், ஒரே பக்கமாக வாக்களித்தார்கள், இந்த மண் இறைவன் தங்களுக்கென்று குறித்தது என்று பேசினார்கள். அதே அக்டோபரில் மோர்மன் படையினர் கல்லட்டின் ஊரில் கடையைச் சூறையாடித் தீ வைத்ததும் உண்டு. தீ வைத்தவனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். ஆனால் துருத்திக்கடியில் நடுங்கிக் கிடந்த பிள்ளை எந்தக் கடையைக் கொளுத்தினான்?

கும்பலின் வெறியைவிட அந்தக் கையெழுத்தே கொடியது. 1833இல் இன்டிபென்டன்ஸ் ஊரில் கும்பல் மோர்மன்களின் அச்சகத்தை இடித்து, எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் என்ற அவர்களுடைய ஆயருக்குத் தார் பூசி இறகு ஒட்டியபோது, அடிபட்டவர்கள் முறையிட அரசு என்று ஒன்றாவது இருந்தது. ஐந்தே ஆண்டில் அந்த அரசே விரட்டச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் குளிர்காலத்தில் இல்லினாய்க்கு ஓடினார்கள். ஆணை முறைப்படி திரும்பப் பெறப்பட்டது 1976இல்தான்.

மேலிடத்து உத்தரவை மீற முடியுமா என்று கேட்பார்கள். ஃபார் வெஸ்ட் ஊரில் பிடிபட்ட ஜோசப் ஸ்மித்தையும் உடனிருந்தவர்களையும் மறுநாள் காலை ஊர்ச் சதுக்கத்தில் சுட்டுக் கொல்லும்படி மிசௌரிப் படைத் தளபதி அலெக்சாண்டர் டோனிஃபனுக்கு உத்தரவு வந்தது. அவர் மோர்மன் அல்லர். அவர்களை அடக்கத் திரண்ட படையில்தான் இருந்தார். இது பச்சைப் படுகொலை, நான் செய்ய மாட்டேன், செய்ய வைத்தால் உம்மைச் சட்டத்தின் முன் நிறுத்துவேன் என்று மேலதிகாரிக்கே எழுதி அனுப்பினார். கைதிகள் பிழைத்தார்கள். கீழ்ப்படியாததற்காக டோனிஃபன்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை.