வழிபாட்டுருவமும் வழக்கமும்

இறைவன் உருவங் கடந்தவன் என்று போதிக்கும் சமயங்களே உருவங்களைப் பற்றி மிகுதியாக வழக்காடியிருக்கின்றன. சமய வரலாறு காட்டும் விந்தைகளுள் இதுவும் ஒன்று. கத்தோலிக்க திருச்சபை இவ்வழக்கை 787ஆம் ஆண்டிலேயே, நீசேயாவில் இரண்டாம் முறை கூடிய பொதுச் சங்கத்தில் தீர்த்துவைத்தது. உருவத்துக்குச் செய்யப்படும் வணக்கம் உருவத்தோடு நின்றுவிடுவதில்லை. அவ்வுருவம் யாரைச் சுட்டுகின்றதோ அவரையே சென்றடைகின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டால் ஒரு வினா எழுகின்றது. வணக்கம் உருவத்துக்கு அப்பாற் செல்வதாயின், அவ்வுருவம் பழையதாயிருந்தால் என்ன, புதியதாயிருந்தால் என்ன? புதுமுறையில் அமைந்த ஒரு சுரூபத்தைக் கண்டதும் மரபுவழிக் கத்தோலிக்கர் மனம் புண்படுவதேன்?

இவ்வினாவை இரசனை வேறுபாடென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஓவியக்கூடத்தில் ஓர் ஓவியம் நமக்குப் பிடிக்காவிடின் அடுத்ததை நோக்கி நகர்ந்துவிடலாம். ஆலயத்தில் அவ்வாறு நகர இயலாது. தாயை அடக்கஞ் செய்த நாளிலும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலும் எந்த முகத்தை நோக்கி ஒருவர் முழந்தாட்படியிட்டாரோ, அந்த முகம் அவருடைய வாழ்வின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. ஆதலின் வழிபாட்டுருவம் பற்றிய வழக்கு கலைத்துறை வழக்கன்று; ஒழுக்கவியல் வழக்கேயாம். உருவத்தை மாற்றும் உரிமை யாருடையது என்பதே அதன் மையம்.

1563ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச் சங்கம் இவ்வுரிமையை மேற்றிராணியாருக்கு வழங்கியது. வழக்கத்துக்கு மாறான உருவம் எதனையும் அவருடைய அங்கீகாரமின்றி எந்த ஆலயத்திலும் வைத்தலாகாது என்று அச்சங்கம் விதித்தது. ‘வழக்கத்துக்கு மாறானது’ என்ற அச்சொல்லே பிற்காலப் பூசல்கள் பலவற்றுக்கும் வித்தாயிற்று. வழக்கம் என்பது யாது? நேற்றைய வழக்கமா, ஆயிரம் ஆண்டு வழக்கமா?

இவ்வகைப் பூசல்களுள் இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த பேர்பெற்றது பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. அல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள அஸ்ஸி என்னும் இடத்தில் சயரோகச் சிகிச்சை நிலையங்கள் பல இருந்தன. அங்குள்ள நோயாளருக்கென எழுப்பப்பட்ட தேவாலயம் 1950ஆம் ஆண்டில் அபிஷேகஞ் செய்யப்பட்டது. கூத்தூரியே என்னும் தொமினிக்கன் சபைக் குருவானவரின் தூண்டுதலால், நவீன ஓவியரும் சிற்பிகளும் பலர் அதனை அணிசெய்தனர். அவர்களுட் சிலர் யூதர். சிலர் எச்சமயத்தையும் சாராதவர். பீடத்துக்கென ஜெர்மேன் ரிஷியே என்னும் சிற்பி வெண்கலத்திற் பாடுபட்ட சுரூபமொன்றை வார்த்தார். அதில் முகம் தெளிவாக இல்லை. உடலும் சிலுவை மரமும் வேறு பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகியிருந்தன. அழகும் பொலிவும் அற்றவராய்த் துன்புறும் ஊழியரைப் பற்றிய இசையாஸ் தீர்க்கதரிசியின் வாக்கே அவ்வுருவுக்கு ஆதாரமாயமைந்தது. மரபுவாதிகள் இதனைத் தெய்வ நிந்தனை என்றனர். 1951ஆம் ஆண்டில் அன்சி மேற்றிராணியாரின் கட்டளைப்படி அது பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ரோமாபுரியும் திரெந்து விதியை மீண்டும் வலியுறுத்திற்று. சிற்பி 1959இல் இறந்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளின் பின்னரே அச்சுரூபம் பீடத்துக்குத் திரும்பிற்று.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கண்டனம் தெரிவித்தோர் பெரும்பாலும் அவ்வாலயத்தில் அன்றாடம் செபித்தவர்களல்லர். தம் நோயுற்ற உடலின் சாயலை அச்சுரூபத்திற் கண்டு ஆறுதலடைந்த நோயாளர் இருந்தனர் என்பர். அவர்களுடைய கருத்து இத்தீர்ப்பில் எடைபோடப்படவில்லை.

மரபுவாதிகளின் வாதத்தை இங்கு நேர்மையாகச் சீர்தூக்குதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டதை ஒரு தலைமுறை தன் விருப்பப்படி மாற்றலாகாது என்கின்றனர். இது மதிக்கத்தக்க நியாயமே. ஆயினும் அவர்கள் மரபென்று காப்பது பலவேளைகளிற் பழக்கத்தையேயாம். நீண்ட கூந்தலும் தாடியும் உடைய கிறிஸ்துவையே நாம் அறிவோம். உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளிற் காணப்படும் மிகப் பழைய ஓவியங்களிலோ அவர் ஆட்டைத் தோளிற் சுமக்கும், தாடியற்ற இளம் மேய்ப்பனாகத் தோன்றுகின்றார். 359ஆம் ஆண்டைச் சேர்ந்த யூனியுஸ் பாசுஸ் என்பவரின் கற்பேழையிலும் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. தமிழகத்துக் கோணான்குப்பத்திற் சேலையுடுத்த பெரியநாயகி மாதாவை நிறுவியவர் வீரமாமுனிவர் என்று மரபுச் செய்தி கூறும். அன்று புதுமையாயிருந்த அக்கோலம் இன்று பழமையாகிவிட்டது.

ஹந்தானை மலைத்தொடருக்குக் கீழே, கண்டி நகரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் அங்கிலிக்கன் சபையைச் சார்ந்தது. ஆதலின் மேற்கூறிய கத்தோலிக்க விதிகள் அதனைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆயினும் வினா ஒன்றே. கண்டி மன்னரின் மகுல்மடுவத்தைப் பின்பற்றிக் கற்றூண்களால் அமைந்த அவ்வாலயத்தின் சுவர்களில், அக்கல்லூரியின் பழைய மாணவராகிய டேவிட் பெயின்டர் விவிலியக் காட்சிகளைத் தீட்டினார். பாதங் கழுவுதல், நல்ல சமாரியன், சிலுவைப்பாடு முதலிய அக்காட்சிகளில் நாம் காண்பன இந்நாட்டு முகங்களும் இந்நாட்டு மேனி நிறமுமாகும். அவரே 1968ஆம் ஆண்டளவில் கல்கிசைப் பரிசுத்த தோமாவின் கல்லூரி ஆலயத்தில் தாடியற்ற கிறிஸ்துவைத் தீட்டியபோது பலர் வியந்தனர். அவர்கள் புதுமையென்று கண்டது உண்மையில் பதினாறு நூற்றாண்டுப் பழமை.

இதனால் புதுமைவாதிகளின் பக்கமே முழு நியாயமும் உளது எனக் கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. அவர்கள் கூறுவது இது: நீலக்கண்ணும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட சுரூபங்கள் அந்நியராட்சியின் எச்சங்கள், அவற்றை நீக்கி நம் மண்ணுக்குரிய உருவங்களை வைப்பதே விடுதலை. இவ்வாதம் பிறப்பிடத்தையும் உரிமையையும் ஒன்றெனக் கொள்கின்றது. மடுமாதாவின் சுரூபம் ஐரோப்பியச் சாயலுடையது. ஆயினும் ஒல்லாந்தர் கால அடக்குமுறைக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஒளித்து அதனைக் காத்தவர்கள் இம்மண்ணின் மக்களே. தமிழரும் சிங்களவரும் ஒரே முற்றத்தில் அவ்வன்னையிடம் அழுதிருக்கின்றனர். 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் போர் நெருங்கியபோது, குருமார் அச்சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அகதியான மக்களைப் போல அதுவும் இடம்பெயர்ந்தது. அதனை அந்நியம் என்று கூற யாருக்குத் துணிவு வரும்? ஹந்தானைச் சாரலின் தேயிலைத் தோட்டங்களில், லயன் காம்பராவின் சுவரில் நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட தேவமாதா படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும் தாய்க்கு, அப்படத்தின் கலைப்பாணி எந்நாட்டது என்பது வினாவேயன்று. கண்ணீரால் உரிமையாக்கப்பட்டதைக் கல்வியறிவால் அந்நியமாக்குதல் அறமாகாது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம், திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என 1963ஆம் ஆண்டிற் பறைசாற்றிற்று. திருவுருவ வணக்கம் நிலைபெறவேண்டும் என்றும் கூறிற்று. ஆயினும் அதன் பின்னர்ப் பல நாடுகளிற் பழைய சுரூபங்கள் ஆலயங்களிலிருந்து அகற்றப்பட்டு அறைமூலைகளில் இடப்பட்டன. அஸ்ஸியில் மரபின் பெயரால் நிகழ்ந்ததே இங்குச் சீர்திருத்தத்தின் பெயரால் நிகழ்ந்தது. இரண்டிடத்தும், முழந்தாட்படியிட்டவரை வினவாமலே அவர் கண்முன் இருந்தது நீக்கப்பட்டது. தவறு பழமையிலும் இல்லை, புதுமையிலும் இல்லை. வினவாமையிலேயே உளது என்பது என் துணிபு.

பிற சமயத்தின் உருவமொழியைக் கடன்வாங்குமிடத்து வினவவேண்டியவர் தொகை இன்னும் பெருகுகின்றது. 1969ஆம் ஆண்டில் இந்தியத் திருச்சபைக்கு வழிபாட்டிற் பன்னிரு சுதேச மாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன. அருட்டந்தை அமலோர்பவதாஸ் அவர்கள் பெங்களூரில் நடத்திய தேசிய மையத்தின் ஆலயம் இவ்வியக்கத்தின் சின்னமாயிற்று. அதன் சாளர வேலைப்பாட்டில் நடராசக் கோலம் காணப்படுகின்றது என்று மரபுவாதிகள் கடிந்துரைத்தனர். குளித்தலைக்கு அண்மையிற் காவிரிக்கரையில் 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சாந்திவனத்தின் கோபுரத்தில் திரித்துவம் மும்முகமாக அமைக்கப்பட்டது. திரித்துவத்தை மும்முகமாகக் காட்டும் வழக்கத்தை எட்டாம் உர்பானுஸ் பாப்பரசர் 1628இல் ஐரோப்பாவிலேயே தடைசெய்தார் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. சாந்திவனம் போன்ற ஆச்சிரமங்களிற் சிலுவையோடு ஓங்காரத்தை இணைத்தபோது கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் எதிர்த்தனர்.

இவ்விரு திறத்தாரின் மறுப்பிலும் ஓர் உண்மை உளது. நடராச வடிவம் வெறும் அழகிய அபிநயமன்று. உடுக்கு படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் எனச் சைவசித்தாந்தம் விரித்துரைக்கும். அவ்வைந்தொழிலின் பொருளை ஏற்காது தோற்றத்தை மட்டும் எடுத்தாள்வோர் சைவத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒருங்கே அலங்காரப் பொருளாக்கிவிடுகின்றனர். இதற்கு மாறான நிகழ்ச்சியொன்றும் நம் நாட்டில் உண்டு. களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகள் நிறுவிய துலான நிலையத்துக்காக, பௌத்த பிக்குவாகிய ஹத்திகம்மன உத்தரானந்த தேரர் இயேசு சீடரின் பாதங்களைக் கழுவும் காட்சியைத் தீட்டினார். இங்குக் கடன் வாங்கப்படவில்லை. அம்மரபுக்குரியவரே தம் கண்ணாற் கண்டதைத் தந்திருக்கின்றார். கேளாமல் எடுத்தலுக்கும் விரும்பித் தருதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வணங்குவோரை வினவுக என்பது, உண்மையை வாக்கெடுப்புக்கு விடுவதாகாதா எனச் சிலர் வினவலாம். வினவுதல் வேறு, பணிதல் வேறு. மக்கள் விரும்பும் உருவமெல்லாம் நல்லுருவம் என்று கூற இயலாது. அதிதூதரான மிக்கேலின் சுரூபத்தை எடுத்துக்கொள்வோம். வெண்ணிற மேனியராகிய சம்மனசின் காலடியிற் கிடக்கும் பேய்க்குக் கருநிறம் தீட்டுவது பல ஆலயங்களிற் பழகிப்போன வழக்கம். பக்தர் அதனை நேசிக்கின்றனர், எவரும் முறையிடுவதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் அதனைப் பார்த்து வளரும் கருமேனிச் சிறுமி தன் நிறத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்கின்றாள்? ஓர் உருவம் ஒரு மனிதரைத் தாழ்த்துமாயின், அதன் மேலுள்ள அன்பு அதற்கு அரணாகாது. அங்கு மாற்றம் கடமையாகின்றது. அக்கடமையையும் இரவோடிரவாகத் தூரிகை கொண்டு தீர்த்துவிடலாகாது. நேசிப்போருக்கு எடுத்துரைத்து, அவர்தம் மனத்தை வென்று, அவர் கையாலேயே செய்விக்க வேண்டும்.

எனவே மேற்றிராணியாரின் அதிகாரம் தேவையற்றதன்று. உருவம் விசுவாசத்துக்கு மாறாகப் போதிக்கின்றதா என்று ஆராய்தல் அவருடைய கடமை. ஆனால் விசுவாசத்துக்கு முரணானது வேறு, கண்ணுக்குப் பழகாதது வேறு. பின்னதை முன்னதெனக் கொண்டு தண்டித்ததே அஸ்ஸியில் நேர்ந்த அநீதி. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்குத் துணிவு போதும். இருப்பதை அகற்றுவதற்கோ பொறுமையும் வேண்டும். சேர்க்கப்பட்டது பிடிக்காதவர் பழையதன் முன் சென்று செபிக்கலாம். அகற்றப்பட்டதை இழந்தவருக்குச் செல்ல வேறிடமில்லை. ஆதலின் அகற்றுவோர் மீதே நியாயங் கூறும் பொறுப்பு அதிகமாகச் சுமத்தப்படவேண்டும், அவர் பழமைவாதியாயினும் சரி, சீர்திருத்தவாதியாயினும் சரி.

வணக்கம் உருவத்தைக் கடந்து செல்கின்றது என்று நீசேயா கூறிற்று. கடந்து செல்வோருக்குப் படிக்கல் ஒன்று வேண்டும். ஒருவர் கால் ஊன்றி நிற்கும் வேளையில் அக்கல்லைப் பெயர்த்தெடுப்பவர், அதைவிட அழகிய கல்லொன்று தம்மிடம் உண்டென்று கூறித் தப்பிக்கொள்ள முடியாது.