கார்னரில் நின்றவர்கள்

2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' படம் வெளிவந்தபோது, எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்கள் அந்தக் கதைக்கு ஆதாரமான மணத்தி கணேசன் யார் என்று செல்போனில் தேடினார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்துக்காரர். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995இல் அர்ஜுனா விருது பெற்றவர். அவரைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் தெரிந்துகொள்ள முப்பது ஆண்டும் ஒரு சினிமாவும் வேண்டியிருந்தன. நாட்டின் உயரிய விளையாட்டு விருதுகளில் ஒன்றை வாங்கியவருக்கே இப்படி என்றால், அதே காலத்தில் அதே மண்ணில் ஆடி, விருதும் வாங்காமல், கதையும் எழுதப்படாமல் போனவர்களை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்வி எனக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே அணியில் ஆடியவர்கள். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், பொங்கலுக்கு மின்னொளி கபடிப் போட்டி நடந்தால் பெரியப்பா பேர் இன்றைக்கும் வரும். அவர் ஏறிப் பாடினால் எதிரணி கோட்டைவிட்டு ஒதுங்கும் என்பார்கள். சித்தப்பா இடது கார்னர், தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று பிடிப்பவர். அவர் பேரை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை.

சித்தப்பாவின் வலது கை விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்டுவிரல் உட்பக்கம் மடங்கி நின்றுவிட்டது. மோதிரவிரல் மூட்டு புடைத்திருக்கும். பாய்ந்து வருகிறவன் கணுக்காலைப் பிடிக்கும்போது அவன் உடம்பின் முழு வேகமும் விரலில் வந்து விழும். விட்டால் அவன் கோட்டைத் தொட்டுவிடுவான். "கண்ணைப் பாக்காதப்பா, கண்ணு பொய் சொல்லும். கையையும் பாக்காத. அவன் பின்னங்கால் எப்ப பாரம் எடுக்குதுன்னு பாரு. குதிகால் மண்ணுல அழுந்துச்சுன்னா திரும்பப் போறான்னு அர்த்தம்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லும்போதே எழுந்து குனிந்து, முன்பாதத்தில் நின்று காட்டினார். அறுபதைத் தாண்டிய உடம்பு அந்த ஒரு நொடிக்குச் சட்டென்று இறுகியதைப் பார்த்தேன்.

கபடியின் விதியிலேயே ஒரு நியாயம் இருக்கிறது. ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருப்பவர் தானாக உள்ளே வர முடியாது. தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான், வெளியே இருப்பவர்களில் ஒருவர் வரிசைப்படி உள்ளே வருவார். பாடிப் போகும் பெரிய ரைடர் பிடிபட்டுக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அவரை மறுபடி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் கார்னரிலோ கவரிலோ நிற்பவர் போடும் ஒரு பிடிதான். அந்தப் பிடிக்கு ஒரு புள்ளி. அடுத்து அந்த ரைடர் போய் மூன்று பேரைத் தொட்டு வந்தால் மூன்று புள்ளி, கூடவே விசில், கைதட்டல், மைக்கில் பேர். மூன்று புள்ளியும் உண்மையானவைதான். ஆனால் அவர் உள்ளே வந்தது எப்படி என்று அப்போது யாரும் கேட்பதில்லை. பெரியப்பா புகழின் எத்தனையோ ராத்திரிகள் சித்தப்பாவின் விரல்வழியாகத் திரும்பி வந்தவை என்று நான் நம்புகிறேன். இதைப் பெரியப்பாவிடமே சொன்னேன். "அவன் புடிக்கலன்னா நான் பாதி ஆட்டம் வெளியதான் உக்காந்திருப்பேன்" என்றார், யோசிக்காமல்.

மனிதர்களுக்குக் கண் இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணுகிறவர் இல்லை என்பதுதான் என் குறை. பாடி வருகிறவர் தொட்ட ஆளைக் கூட்டமே எண்ணும். பிடித்தவர் எண்ணிக்கையை யாரும் எழுதி வைக்கவில்லை. 2014இல் புரோ கபடி லீக் வந்து ஒவ்வொருவருக்கும் ரைடு புள்ளி, டேக்கிள் புள்ளி என்று தனித்தனியாகக் கணக்கு வைத்தது. நான்கே ஆண்டில், 2018 ஏலத்தில், ஒரு கோடி ரூபாய்க்கு முதலில் எடுக்கப்பட்டவர் ரைடர் அல்ல. ஈரானைச் சேர்ந்த இடது கார்னர் ஃபசல் அத்ராசலி. நம் தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த வயதில் கார்னரில் நின்று, 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராகக் கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். லீக் பத்து வருடம் தள்ளி வந்திருந்தால் அவரும் 'ஒரு காலத்தில் நல்லாப் புடிப்பாரு' என்று நாலு ஊருக்கு மட்டும் தெரிந்தவராக நின்றிருப்பார் என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கும் முழுமையானதல்ல. ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் இடுப்பைக் கட்ட, மூன்றாமவர் மேலே விழுந்து அமுக்கினாலும் புள்ளி ஒருவர் பேரில்தான் ஏறுகிறது. மற்ற இருவர் ஏட்டில் இல்லை.

அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்தில் இதே சிக்கலோடு பல காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு எல்லாக் கணக்கும் உண்டு. அவருக்கு முன்னால் சுவராக நின்று எதிரிகளைத் தடுக்கும் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொள்ள எண் எதுவும் கிடையாது. எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் 'சாக்' கூட 1982இல்தான் அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏறியது. அந்தக் கலையில் பேரெடுத்த டீக்கன் ஜோன்ஸ் 1974லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அந்த நாட்டு லீகின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவருக்கு ஒரு சாக்கும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டி, 1960 வரைக்கும் பின்னால் போய் எண்ணி, 2021இல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள்.

1967 டிசம்பர் 31 அன்று, கடுங்குளிரில், கிரீன் பே அணிக்கும் டல்லஸ் அணிக்கும் நடந்த இறுதிப் போட்டி அங்கே புராணம் போலச் சொல்லப்படுகிறது. கடைசி நொடிகளில் கிரீன் பே குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தோடு உள்ளே புகுந்து வெற்றியை முடித்தார். அவருக்கு வழி திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர், முன்னால் நின்ற ஜெர்ரி கிராமர். ஸ்டார் 1977இல் அந்நாட்டுக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். கிராமர் சேர்க்கப்பட்டது 2018இல், 82ஆம் வயதில். நாற்பத்தோரு ஆண்டு இடைவெளி! ஆனாலும் பழைய ஆட்டக்காரர்களின் தகுதியைத் திரும்பப் பார்க்கவென்றே அங்கே தனிக் குழு இருக்கிறது. நம் ஊர்க் கபடிக்கு அப்படி எதுவும் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

திரும்பப் பார்ப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. மறைந்து கிடந்தவரைத் தூக்கிவிடும் உற்சாகத்தில், மேலே இருப்பவரைக் கீழே இழுக்கும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. 'அவனுக்கு வாய்ப்புக் கிடைச்சுது, அவ்வளவுதான்' என்று ஒரு வாழ்நாள் உழைப்பைத் தள்ளிவிடுகிறோம். கிராமரை உள்ளே சேர்த்ததால் ஸ்டார் சிறுத்துப்போகவில்லை. சித்தப்பாவைப் பற்றி நான் பேசுவதால் பெரியப்பாவின் மூச்சுப்பிடிப்பு குறைந்துவிடாது. எதிரே ஏழு பேர் நிற்கும் இடத்துக்கு ஒற்றை ஆளாகப் போய்வரும் துணிச்சலைக் கைதட்டாமல் எதைக் கைதட்டுவது?

காலத்தையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஷூ போட்டு மேட் விரிப்பில் ஆடுகிற பையனின் வேகத்தோடு, வெறுங்காலில் செம்மண்ணில் ஆடியவரை ஒப்பிட்டு, 'அந்தக் காலத்து ஆளுங்க இப்ப தாங்க மாட்டாங்க' என்கிறார்கள். தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும் என்ற இன்றைய நெருக்கடி அப்போது இல்லை. இன்றைய சாப்பாடும், பிசியோவும், சம்பளமும்கூட இல்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கபடி காட்சி ஆட்டமாகத்தான் இருந்தது. பதக்கத்துக்கான ஆட்டமானது 1990இல், பெய்ஜிங்கில். பெண்களுக்கு 2010 வரை அந்த வாசலும் திறக்கவில்லை. அந்த வாசல்கள் திறப்பதற்கு முந்தைய தலைமுறைகள் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் ஆசிய விளையாட்டுப் பதக்கம் வாங்கியிருக்கவே முடியாது. இல்லாத மேடையில் ஏறவில்லை என்று ஒருவரைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம்.

இது ஆட்டத்தோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் சிலர் பாடிப் போகிறவர்கள், சிலர் பிடித்து நிறுத்துகிறவர்கள். கடன்காரன் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொண்டவர், பாகத் தகராறு கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடித்தவர், படுத்த மாமியாரைப் புண் வராமல் கவனித்த மருமகள். நடக்காமல் தடுத்த காரியத்துக்குச் சாட்சி இருப்பதில்லை. நம் குடும்பங்களில் ஒருவரைப் பற்றி 'அவரு என்னத்தப் பெருசா சாதிச்சாரு?' என்று யாராவது கேட்கும்போது, நான் இப்போதெல்லாம் அவர் இருந்ததால் எது நடக்காமல் போனது என்று தேடிப் பார்க்கிறேன். பதில் கிடைக்காமல் போனது குறைவு.

ஊர்க் குழுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கபடிப் போட்டிக்கு நாம் அடிக்கும் நோட்டீஸில் முதல் பரிசு தந்தவர், சுழற்கோப்பை தந்தவர், பந்தல் போட்டவர் என்று எல்லார் பேரும் படத்தோடு இருக்கிறது. ஆடினவர்கள் பேர் இல்லை. வருகிற பொங்கலுக்கு அந்த நோட்டீஸின் பின்பக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள். வெள்ளிமலை, கரியாலூரிலிருந்து இறங்கி வந்து ஆடிய பழைய மலை அணிகளையும் சேர்த்து, உங்கள் ஊருக்கு ஆடிய ஏழு ஏழு பேரின் பெயரை, எந்த வருடம், எந்த இடத்தில் நின்றார் என்று எழுதுங்கள். ரைடரை எழுதும்போது கார்னரையும் கவரையும் விடாதீர்கள். கேட்டால் சொல்ல ஆள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். இந்த வருடமே போய்க் கேளுங்கள்.