பாழுங்கிணறும் பொறுப்பும்

2009-ல் போர் ஓய்ந்து மக்கள் மீளக் குடியேறியபோது, வன்னிக் கிராமங்களிற் பல கிணறுகள் பாழ்பட்டுக் கிடந்தன. உடையவர் மாண்டிருக்கலாம், நாடு விட்டும் போயிருக்கலாம். கட்டில்லாத கிணறு கன்றையும் குழந்தையையும் விழுங்குமென்று அறிந்த அயலவன், முள்ளையாவது வெட்டி அடைப்பான்.

வன்னிக்குத் தென்மேற்கே, மன்னார்க் கடலடியிலும் கிணறுகள் உண்டு. கெய்ர்ன் கம்பனி 2011-ல் அங்கே துளையிட்டு எரிவாயு கண்டது, 2015-ல் விலகியது. கைவிடும் கிணற்றைச் சீமெந்தால் அடைப்பது இத்தொழிலின் விதி. ஆனால், சீமெந்து காலத்தால் வெடிக்கும். இரும்பை உப்பு அரிக்கும். 2010 ஏப்ரல் 20-ல், மெக்சிக்கோ வளைகுடாவில் 11 தொழிலாளரைப் பலிகொண்ட மக்கொண்டோக் கிணறு, தற்காலிகமாக மூடப்படும் வேளையிலேதான் வெடித்தது.

ஒப்பந்தம் முடிந்தால் பொறுப்பும் முடிந்துவிடுமா? உரிமை ஒப்பந்தத்தாற் பிறக்கிறது, அதனோடு மடியலாம். பொறுப்போ தோண்டிய செயலாற் பிறக்கிறது. துளை உள்ளவரை அதுவும் உண்டு. "அரசு பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். அப்படியானால் இலாபம் கம்பனிக்கு, காவற்செலவு மீனவனுக்கும் உழவனுக்குமா?

ஆகவே நாம் கேட்பது இதுவே: துளையிட அனுமதி வழங்குமுன்பே, மூடுவதற்கும் பின்னர் கண்காணிப்பதற்குமான செலவைப் பிணைப்பணமாகப் பெறுங்கள். கடலடிக் கிணற்றுக்கு முள்ளடைக்க எந்த அயலவனின் கையும் எட்டாது.